ஆளற்ற தீவு என்றொரு நினைவு

பத்துப்பாட்டுள் அளவாற் சிறியது முல்லைப்பாட்டு. 103 அடிகளே உடையது. அதன் நடுப்பகுதியில் நப்பூதனார் ஒரு பாசறையைக் கண்முன் நிறுத்துகிறார். யானைகளுக்கு வடமொழியில் பயிற்றும் பாகர், வாளைக் கச்சோடு சேர்த்துக் கட்டி விளக்கேற்றும் மகளிர், நீர்க்கடிகை பார்த்துப் பொழுது சொல்வோர், வாய்பேசாத மிலேச்சர், காவல் நிற்கும் யவனர் எனத் தாய்நாட்டிலிருந்து விலகி வந்தோரின் தற்காலிக ஊர் ஒன்று அங்கே எழுகிறது. உறக்கமின்றி, முதல்நாட் போரில் புண்பட்ட களிறுகளையும் இறந்துபட்ட வீரரையும் நினைந்திருக்கும் மன்னனைப் பற்றி வகுப்பறைகளில் நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அப்பாசறை அமைந்த விதத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. காட்டுப் புதர்களை வெட்டி, வேட்டுவரின் அரணை அழித்து, அவ்விடத்தில் முள்வேலி வளைத்தனர் என்று புலவர் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுகிறார். அவ்வேட்டுவர் பிறகு எங்கே சென்றனர்? பாட்டு அதைச் சொல்லவில்லை. சொல்லும் கடப்பாடும் அதற்கில்லை. அது தலைவியின் ஆற்றியிருத்தலைப் பாட வந்த பாட்டு. ஆயினும், வேட்டுவர் அங்கே இருந்தனர் என்பதை அது மறைக்கவுமில்லை.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. கடல்கடந்த படைத்தளங்களில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற வீரர்களின் நினைவுக் குறிப்புகள் என்றொரு வகைமை ஆங்கிலத்தில் பெருகிக் கிடக்கிறது. நம் இலக்கிய இதழ்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. தளபதிகளின் தன்வரலாறு வரலாற்று நூலாக மதிக்கப்படும். போர்க்கள நாவல் இலக்கியமாக மதிக்கப்படும். ஏதோ ஒரு தீவில் ஓராண்டு சமையற்கூடத்திலோ எரிபொருட் கிடங்கிலோ வேலை பார்த்தவரின் நினைவு எதிலும் சேராது. அதில் சண்டை இல்லை. வெயில், சலிப்பு, மீன்பிடித்தல், மலிவான பீர், தபால் விமானத்துக்கான காத்திருப்பு, ஊர் திரும்ப எஞ்சிய நாட்களை எண்ணுதல் ஆகியவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. இளமைக்கால ஏக்கம் என்று அறிவாளிகள் இதை ஒதுக்குகின்றனர். ஏகாதிபத்தியத்தின் சுற்றுலாக் குறிப்பு என்று அரசியலாளர் ஒதுக்குகின்றனர். இரு தரப்போடும் நாம் உடன்படவில்லை. அந்நினைவுகள் சான்றுகள். எதற்குச் சான்று என்பதைத்தான் கவனித்து வாசிக்க வேண்டும் என்பது நம் துணிபு.

இதை விளக்க, நமது பெருங்கடலிலேயே ஏறத்தாழ ஒரே கோட்டில், சுமார் 730 கி.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு தீவுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று மாலைத்தீவின் தென்கோடியில், அட்டூ பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள கன் தீவு. மற்றொன்று சாகோஸ் தீவுக்கூட்டத்தின் டியேகோ கார்சியா. முன்னது பிரித்தானிய வான்படையின் தளமாக 1957 முதல் 1976 வரை இயங்கியது. பின்னது 1971 முதல் பிரித்தானியக் கொடியின்கீழ் அமெரிக்கத் தளம். இரண்டும் பவளத் திட்டுகள், இரண்டிலும் தென்னை, இரண்டிலும் வீரர்கள் குடும்பத்தைப் பிரிந்து ஏறக்குறைய ஓராண்டு தங்கித் திரும்பினர். இவ்வளவு ஒத்திருந்தும், இரு தளங்களின் நினைவுக் குறிப்புகளும் ஓரிடத்தில் முற்றிலும் வேறுபடுகின்றன.

கன் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 75 கி.மீ. தொலைவில் உள்ளது. சிங்கப்பூருக்குப் பறக்கும் படைவிமானங்கள் இறங்கி எண்ணெய் நிரப்பிச் செல்வதற்கான இடைத்தங்கல் அது. அங்கே பணிபுரிந்தோரின் குறிப்புகளில் வழக்கமான எல்லாம் உண்டு: மிதிவண்டி, கடற்குளியல், நள்ளிரவில் இறங்கும் விமானம், வீரர் நலப்பணிக்கென அமர்த்தப்பட்டு அத்தீவிலேயே ஒரே பெண்ணாக வாழ்ந்த அம்மையார். அவற்றோடு வேறொன்றும் உண்டு. மனிதர்கள். காலையில் அண்டைத் தீவுகளிலிருந்து தோணிகளில் வந்து, சலவை செய்து, உணவு பரிமாறி, அலுவலகம் கூட்டி, மாலையில் திரும்பிச் சென்ற அட்டூ மக்கள். (மாலைத்தீவு மொழியிலும் அப்படகின் பெயர் 'தோனி'தான். சொல்லாராய்ச்சி நண்பர்கள் மகிழ்க.) அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும், தம் அறையைத் துப்புரவு செய்த இளைஞனின் பெயரை முதியவர் ஒருவர் நினைவு வைத்திருக்கிறார். அவனிடம் கற்ற நாலு சொற்களையும் சேர்த்து எழுதுகிறார்.

இதைப் படித்து உருகிவிட வேண்டியதில்லை. கன் தீவும் வெறுமனே கிடைத்த நிலமன்று. ஓடுதளத்துக்காக அத்தீவின் மக்கள் பக்கத்திலுள்ள ஃபேதூவுக்கு மாற்றப்பட்டனர்; ஃபேதூ மக்கள் மரதூவுக்கு மாற்றப்பட்டனர். ஒரு வரிசையில் எல்லோரையும் ஓரிடம் தள்ளி அமரச் சொல்வதுபோல் நடந்தது அது. தளம் தந்த கூலியும் மாலே அரசின் மீதிருந்த மனக்குறையும் சேர்ந்து 1959 சனவரியில் தென்தீவுகள் 'ஐக்கிய சுவாதீவுக் குடியரசு' என்று தனித்து நின்றபோது, முதலில் பரிவு காட்டிய பிரித்தானியர் பின்னர் கைவிட்டனர். அதன் தலைவர் அப்துல்லா அஃபீஃப் 1963இல் பிரித்தானியக் கப்பலிலேயே சீசெல்சுக்கு அனுப்பப்பட்டார். முதலாளியும் பணியாளுமான உறவில் பிறந்த நட்பு எத்தகையது என்பதும் நமக்குத் தெரியாததன்று. நீலகிரியிலும் வெலிங்டனிலும் துரைமார் வீட்டுப் பட்லர்களின் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம்.

எனினும் ஒன்று எஞ்சுகிறது. கன் தீவின் வீரன் அங்கே மக்கள் வாழ்ந்ததைக் கண்டான். 1976 மார்ச்சில் தளம் மூடியபின் வேலையிழந்த அட்டூ இளைஞர்கள், தளத்தில் கற்ற ஆங்கிலத்தோடு சுற்றுலாத் தொழிலுக்குச் சென்றனர். பழைய படைக் கட்டடங்கள் சில விடுதியாயின. முதுமையில் அவ்வீரர்கள் சிலர் திரும்பிச் சென்றபோது தேடுவதற்கு ஆட்கள் இருந்தனர்.

டியேகோ கார்சியா வீரர்களின் நினைவுகளுக்கு வருவோம். கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே சுமார் 1,800 கி.மீ. தொலைவில், பாதச்சுவடு போன்ற வடிவில் கிடக்கும் தீவு. 'சுதந்திரத்தின் சுவடு' என்பது தளத்தார் அதற்கிட்ட செல்லப்பெயர். வீரர்கள் சுருக்கமாக 'பாறை' என்பர். இக்குறிப்புகளில் மண்ணின் மைந்தராக வலம் வருவன கழுதைகள். சாலையை மறிக்கும் கழுதை, உணவைப் பறிக்கும் கழுதை, விடியலில் கத்தும் கழுதை. அடுத்து, கையளவு தேங்காயைப் பிளக்கும் தென்னை நண்டு. அதற்கும் அடுத்து, விடுமுறை நாளில் தீவின் கிழக்குக் கரைக்குச் சென்று பார்த்த பழைய தோட்டத்தின் இடிபாடுகள்: மேலாளர் மாளிகை, தேவாலயம், கல்லறைகள், துருப்பிடித்த இயந்திரங்கள். யாரோ முன்பு வாழ்ந்த இடம் என்ற மெல்லிய வியப்போடு அவ்விடிபாடுகள் விவரிக்கப்படுகின்றன. பழங்கோயிலைப் பார்த்துவந்த பயணியின் தொனி அது. நூற்றாண்டுகளுக்கு முன் அழிந்த நாகரிகம் ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே புதிய வாசகர் எண்ணக்கூடும்.

அவர்கள் பேசுவது பலருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைமையைப் பற்றி மட்டுமே. அந்தக் கழுதைகள் தேங்காயெண்ணெய்ச் செக்கிழுத்தவற்றின் வழித்தோன்றல்கள். செக்குக்குரியோர் அப்போது மொரீசியசின் போர்ட் லூயி சேரிகளில் உயிரோடிருந்தனர்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர் தென்னந்தோட்டம் அமைக்க மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தனர். அடிமைமுறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்தும் சிறு தொகையினர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். இவர்கள் கலந்து, கிரியோல் பேசும் தனி இனமாயினர். 1965 நவம்பரில், மொரீசியசுக்கு விடுதலை கொடுப்பதற்கு முன்பாகவே சாகோசைப் பிரித்தெடுத்தது பிரித்தானியா. 1966இல் அமெரிக்காவோடு ஐம்பதாண்டு உடன்பாடு செய்தது. 1968க்கும் 1973க்கும் இடையே, ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் வரையிலான மக்கள் அத்தீவுகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டனர். மொரீசியசுக்குப் போனவர் ஊர் திரும்பக் கப்பல் கேட்டபோது, உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது என்ற விடை கிடைத்தது. எஞ்சியோர் 'நோர்ட்வேர்' என்னும் சிறு கப்பலில் ஏற்றப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் பறவை எச்ச உரமூட்டைகளின் மேல் படுத்து வந்தனர்.

இதில் நம் கவனத்துக்குரியது ஒரு சொற்புனைவு. குடிமக்கள் இருந்தால் அவர்கள் உரிமையைப் பற்றி ஐக்கிய நாடுகள் அவைக்கு விடை சொல்ல வேண்டும். ஆகவே குடிமக்களே இல்லை, தற்காலிக ஒப்பந்தத் தொழிலாளர் மட்டுமே உள்ளனர் என்று எழுதிவிடத் தீர்மானித்தனர் இலண்டன் அதிகாரிகள். 1966ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில், அங்கே சில டார்சான்களும் ஃப்ரைடேக்களும் இருப்பதாக ஓர் உயரதிகாரி ஏளனம் செய்திருக்கிறார். ராபின்சன் குரூசோ கதையில் வரும் அந்த ஃப்ரைடேதான். இலக்கியம் படித்த கை எழுதியது என்பது தெரிகிறது! பல்கலைக்கழகப் பாடத்திட்டம் ஒருவரை எவ்விதம் பண்படுத்தும் என்று மேடைதோறும் பேசிவரும் நம்போன்றோர் அக்குறிப்பை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும், அங்கே ஆளில்லை என்னும் பொருள்படவே கடற்படை சொல்லிவந்தது. 1975இல் செய்தித்தாள் ஒன்று உண்மையை வெளியிட்ட பின்னரே கேள்விகள் எழுந்தன.

ஆக, அதிகாரிகள் முதலில் தாளில் ஆளற்ற தீவை எழுதினர். பிறகு நிலத்தை அத்தாளுக்கு ஒப்பத் திருத்தினர். மூன்றாவதாக, அத்திருத்தத்துக்குச் சாட்சியாக ஆண்டுதோறும் புதிய இளைஞர்களைக் கொண்டுவந்து இறக்கினர். அந்த இளைஞன் பொய் சொல்லவில்லை. 1985இல் அங்கே பணியாற்றிய ஒருவர், நான் இருந்த தீவில் பூர்வகுடிகள் யாருமில்லை என்று எழுதினால் அது அவர் கண்ட உண்மை. தளத்தின் அன்றாட வேலைகளுக்குப் பிலிப்பைன்ஸிலிருந்தும் மொரீசியசிலிருந்தும் ஆட்கள் வந்தனர். சாகோசியருக்கு மட்டும் நெடுங்காலம் அவ்வேலையும் மறுக்கப்பட்டது. கூலியாளாகக்கூட அவர்கள் வீரனின் கண்ணில் படவில்லை. கன் தீவில் கிடைத்த அந்தப் 'பெயர்' இங்கே கிடைக்க வழியே இல்லை. கழுதைக்குத்தான் பெயர் வைக்க வேண்டியிருந்தது.

நினைவு தனிமனிதச் சொத்து என்றும், உள்மனத்தின் ஆழத்திலிருந்து ஊறுவது என்றும் நவீன இலக்கியம் நமக்குக் கற்பித்திருக்கிறது. இத்தீவின் நினைவுகளைப் பார்க்கும்போது அக்கொள்கை தடுமாறுகிறது. ஒருவர் பின்னாளில் எதை நினைக்கப்போகிறார் என்பதை, அவர் பிறந்திராத காலத்திலேயே வேறொருவர் கோப்பில் எழுதி முடித்திருக்கிறார்.

எல்லா வீரரும் ஆளற்ற தீவைக் கண்டவர் அல்லர் என்பதை மறக்கலாகாது. 1971 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவினர் அங்கே இறங்கியபோது சாகோசியர் இன்னும் அத்தீவில் வாழ்ந்துகொண்டிருந்தனர். வெளியேற்றம் அவ்வாண்டிலேயே, அவர்கள் கண்ணெதிரிலேயே நடந்து முடிந்தது. நாய்களின் கதையும் அப்போதுதான் நடந்தது. தீவு மக்களின் வளர்ப்பு நாய்கள், ஏறத்தாழ ஆயிரம், கொல்லப்பட வேண்டும் என ஆணையர் புரூஸ் கிரேட்பேட்ச் உத்தரவிட்டார். சுட்டும் நஞ்சிட்டும் பார்த்துப் பயனில்லாமல், கொப்பரை உலர்த்தும் கூடத்தில் அவற்றை அடைத்து, அமெரிக்கப் படைவண்டிகளின் புகைக்குழாயை உள்ளே செலுத்திக் கொன்றதாகத் தோட்டப் பொறுப்பாளர் மார்செல் மூலினியே பின்னாளில் சாட்சியம் கூறியிருக்கிறார். எஞ்சியிருந்த மக்கள் இதைப் பார்த்தனர். அடுத்தது தாமே என்று அஞ்சியதாக அவர்கள் சொல்லியிருக்கின்றனர்.

அவ்வண்டிகள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவை, ஓட்டி வந்தவர் யார், அன்றிரவு உணவுக்கூடத்தில் அதைப் பற்றி என்ன பேசிக்கொண்டனர்? இவற்றை எந்த ஆவணக் காப்பகமும் சொல்லாது. சொல்லக்கூடியவர் அங்கே இருந்த படைவீரர் மட்டுமே. அன்று இருபது வயதினர், இன்று எழுபத்தைந்தைக் கடந்துவிட்டனர். 1972 கிறிஸ்துமசுக்கு நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் அங்கே வந்து நிகழ்ச்சி நடத்தியதை ஆண்டும் நாளும் வழுவாமல் நினைவுகூரும் தலைமுறை அது. அந்நிகழ்ச்சிக்கு ஓராண்டுக்கு முன்பு அதே கரையில் யார் நின்றிருந்தனர் என்பதை அவர்களிடம் கேட்டால் நினைவு வராமலா போகும்? கேட்பவர் இல்லை என்பதே குறை. கேட்பவர் குற்றஞ்சாட்டும் குரலில் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும் என்பதும் உண்மை. அதனால்தான் அந்த ஏக்கத்தை இகழாமல் வாசிக்க வேண்டும் என்கிறோம். நண்டையும் கழுதையையும் பற்றி அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்பவருக்கே நாய்களைப் பற்றிய பேச்சு கிட்டும்.

பேசியவரும் உண்டு. ஸ்டூவர்ட் பார்பர் என்னும் கடற்படைத் திட்ட அலுவலர், தொலைதூரத் தீவுகளில் தளம் அமைக்கும் கருத்தை வரைந்தவர். இத்தீவைக் கண்டு சொன்னவரும் அவரே. ஓய்வுபெற்ற பிறகு, 1991இல், அம்மக்களை வெளியேற்றியிருக்கத் தேவையே இல்லை, அவர்களுக்கு ஈடு செய்தாக வேண்டும் என்று வாதாடி நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். மானிடவியலாளர் டேவிட் வைன் 2009இல் வெளியிட்ட நூலின்வழி இச்செய்தி பரவலாகத் தெரியவந்தது. தீவு மக்களின் பக்கம் நின்ற வாதங்களுள் நம்மை மிகவும் பாதித்தது இது. நீதிமன்றத்தில் அதற்கு எவ்வளவு மதிப்போ அறியோம். நினைவிலக்கியத்தில் அதற்கு ஈடு குறைவு.

சட்டத்தின் நடையோ நீண்டது. 2000இல் இலண்டன் உயர்நீதிமன்றம் சாகோசியர் பக்கம் தீர்த்தது. 2004இல் அரசி பெயரிலான ஆணையால் அது வெறுமையாக்கப்பட்டது. 2008இல் பிரபுக்கள் அவை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அரசின் பக்கம் சாய்ந்தது. 2019 பிப்ரவரியில் பன்னாட்டு நீதிமன்றம், தீவுகளைப் பிரித்தெடுத்ததே முறையன்று எனக் கருத்துரைத்தது. 2025 மே 22இல் கையெழுத்தான ஒப்பந்தம் இறைமையை மொரீசியசுக்கு ஒப்புக்கொண்டது. டியேகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டுகளுக்குத் தளத்துக்கென ஒதுக்கியது. மற்றத் தீவுகளில் குடியேறலாம், டியேகோவில் கூடாது என்பது அதன் ஏற்பாடு. அதாவது, தளம் உள்ள இடம் மேலும் ஒரு நூற்றாண்டுக்கு ஆளற்ற தீவாகவே நினைக்கப்படும் வண்ணம் எழுதப்பட்டிருக்கிறது. ஒப்பந்தம் எழுதியோர் முன்னாள் வீரர்களின் ஏக்கத்தையும் சேர்த்தே நீட்டித்துவிட்டனர்.

இத்தீவின் நினைவில் தமிழும் சேர்ந்துவிட்டது என்பதை அன்பர்கள் அறிந்திருக்கலாம். 2021 அக்டோபரில், கனடாவை நோக்கிப் புறப்பட்ட இலங்கைத் தமிழரின் மீன்பிடிப் படகொன்று நடுக்கடலில் தத்தளித்து, டியேகோ கார்சியாவுக்குக் கொண்டு சேர்க்கப்பட்டது. அவர்களுள் அறுபது பேரளவில், பதினாறு குழந்தைகள் உட்பட, வேலியிட்ட சிறு திடலில் கூடாரங்களில் மூன்றாண்டுகளுக்கு மேல் வைக்கப்பட்டிருந்தனர். கூடாரத்துக்குள் எலிகள் கூடுகட்டின. உண்ணாநோன்புகளும் தற்கொலை முயற்சிகளும் நடந்தன. 2024 செப்டம்பரில் நீதிபதி தீவுக்கே வந்து வழக்கைக் கேட்டார். திசம்பர் மாதத் தொடக்கத்தில் பெரும்பாலோர் பிரித்தானியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களைத் தடுத்து வைத்திருந்தது சட்டவிரோதம் என்ற தீர்ப்பும் அம்மாதமே வந்தது.

அக்குழந்தைகளுள் சிலருக்கு நடக்கவும் பேசவும் வந்தது அத்தீவில்தான். தென்னை நண்டும் கழுதையும் மழையும் கடலும் அவர்கள் நினைவிலும் இருக்கும்; அது தமிழில் எழுதப்படும் நாளை எதிர்பார்க்கிறோம். அதே மூன்றாண்டுகளில் அதே தீவில் பணிமுறை முடித்து ஊர் திரும்பிய அமெரிக்க இளைஞர் பலர். 2050 வாக்கில் அவர்கள் ஓய்வுபெற்று, ஒன்றுகூடி, பழைய படங்களைப் பரப்பி வைத்துத் தம் 'பாறை'யைப் பற்றிப் பேசத் தொடங்குவர். வேலிக்கு அப்பால் துணி காய்ந்த அந்தக் கூடாரங்களை அவர்களுள் எத்தனை பேர் படம் எடுத்து வைத்திருக்கின்றனர்?